அழகி வீட்டு நாய்

வெயில் சாய்கிறது. விராலிமலை ரோட்டில் தன் பின்னாலேயே வந்துவிட்ட செவலை நாயைக் கயிற்றில் பிடித்தபடி, அதற்கு உரியவரைத் தேடி ஊர் ஊராக விசாரித்து அலைந்த இருதயநாதன் அழகியின் குடிசை வாசலில் வந்து நிற்கிறார். முழங்கால் வரை புழுதி. நாக்கு வறண்டு கிடக்கிறது. வெளியே வந்த அழகியைக் கண்டதும் நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடி அவள் காலடியில் புரள்கிறது. வந்த வேலை முடிந்ததென்று அவர் துண்டால் முகத்தைத் துடைக்கிறார். அவள் குனியவேயில்லை. "இது தொலஞ்சு போகலைங்க. நாங்கதான் கொண்டுபோய் விட்டோம்" என்கிறாள். "மழை இல்ல. பிள்ளைகளுக்கே கஞ்சி பத்தல. ரோட்டுப் பக்கம்னா யாராச்சும் சோறு போடுவாங்கன்னு நெனச்சோம்." காய்ந்த கிணற்றடியில் சருகுகள் உருள்கின்றன. அவள் உள்ளே போய், தனக்கென்று மூடி வைத்திருந்த கஞ்சியைக் கொட்டாங்குச்சியில் ஊற்றிக்கொண்டு வந்து நாயின் முன் வைக்கிறாள். நாய் நக்கிக் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. "நீங்களே வச்சுக்கங்க. செவத்தான்னு கூப்பிட்டா வரும். நான் கதவச் சாத்துன பெறகு கூப்பிடுங்க. நான் நின்னா அது வராது." கதவு சாத்திக்கொள்கிறது. இருதயநாதன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "செவத்தா" என்று மெல்லக் கூப்பிடுகிறார். நாய் தலையை நிமிர்த்தி, கதவைப் பார்த்து வாலாட்டுகிறது.