கல்வரிசைக்கு இந்தப் பக்கம்

"அந்த ஹாஜ் கையில மட்டும் மைக் போச்சுன்னா, அப்புறம் நீ இருக்க மாட்டே!"

காவலரின் காதில் இதைச் சொல்லிவிட்டு, முகத்தைச் சிரிப்புக்கு மாற்றிக்கொண்டு பந்தலுக்குள் ஓடினார் விழா அதிகாரி ரஃபத்.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. விவசாயி ஹாஜ் மிஃப்தாஹ் போன விழாவில் பெரிய அதிகாரி முன்னாலேயே, "கிணறு வருது வருதுன்னு மூணு வருஷமா சொல்றீங்களே, நடந்தா வருது?" என்று கேட்டு மானத்தை வாங்கியவர்.

இன்றைக்குப் பணம் கொடுத்த நாட்டின் தூதரம்மாவே வந்திருந்தார். விழா ஒழுங்காக முடிந்தால் ரஃபத்துக்குக் கெய்ரோவுக்கு மாற்றல். சொதப்பினால் இதே மணலில், ஈயோடும் ஒட்டகத்தோடும், இன்னும் ஐந்து வருஷம்.

எண்பது வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டார் இரண்டு தரப்பாக வந்து இங்கே அடித்துக்கொண்டு, புதைத்த கண்ணிவெடிகளை அப்படியே விட்டுப் போனார்கள். அதையெல்லாம் எடுத்துவிட்டு ஹாஜின் நிலத்தை இன்று அவரிடம் ஒப்படைக்கிறார்கள். முதல் மழைக்கு அவர் பார்லி விதைக்கலாம்.

நேற்றுவரை வெடி இருந்த மண்ணில் பெரிய மனிதர்களை உட்காரவைக்க ரஃபத்துக்கு மனம் வரவில்லை. சான்றிதழ் வேறு, உயிர் வேறு அல்லவா? அதனால் அந்த நிலத்தின் ஓரத்தில் இருந்த கல்வரிசைக்கு இந்தப் பக்கமாகவே, நிலத்துக்கு வெளியே, விடியற்காலையில் ஆட்களை விட்டு, நாற்பது இரும்பு முளை அடித்துப் பந்தல் போட்டுவிட்டார்.

அந்தக் கற்களுக்கு ஒரு முகம் சிவப்பு, மறு முகம் வெள்ளை. பந்தலைப் பார்த்து இருந்தது சிவப்பு.

"படத்துல கசாப்புக்கடை மாதிரி விழும்டா. எல்லாத்தையும் திருப்பி வை" என்றார். திருப்பி வைத்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

வெடிகளை எடுத்த ஆட்களை மட்டும் அழைக்கவில்லை. நாற்காலி போதவில்லை.

பாட்டு அலறிக்கொண்டிருந்தபோதுதான் ஹாஜ் வந்தார். கல்வரிசைக்கு அந்தப் பக்கம், தன் நிலத்திலேயே நின்றுகொண்டு இரண்டு கைகளையும் ஆட்டினார். காவலர் அவர் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். ஹாஜின் வாய் அசைவது தெரிந்தது. ஒலிபெருக்கியின் இரைச்சலில் ஒரு எழுத்தும் கேட்கவில்லை.

'ஆரம்பிச்சிட்டாருய்யா கிணத்தை!' என்று பல்லைக் கடித்தார் ரஃபத். முன் வரிசையில் ஹாஜுக்கென்று போட்ட நாற்காலியைக் காட்டினார். ஹாஜ் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார். அரசாங்கத்தின் நாற்காலிகூட வேண்டாமாம், அவ்வளவு திமிர்!

ரஃபத் ஐந்து விரலையும் குவித்துக் காட்டினார். கொஞ்சம் பொறு என்று அர்த்தம்.

ஹாஜும் விரல்களைக் குவித்தார். அதையே பந்தல் முழுவதற்கும், இரண்டு கையாலும், திரும்பத் திரும்பக் காட்டினார். மனுஷன் வழிக்கு வந்துவிட்டார் என்று ரஃபத்துக்கு உள்ளம் குளிர்ந்தது.

பாட்டு நின்றதும் மைக்கைப் பிடித்த ரஃபத் அதைக் கீழே வைக்கவில்லை. "இது முதல் கட்டம்தான். வெடி எடுக்காத மிச்ச நிலமெல்லாம் அடுத்த வருஷத் திட்டத்துல இருக்கு. அதுக்கும் உங்க கை தாராளமா நீளணும்" என்று தூதரம்மாவைப் பார்த்துக் குழைந்தார்.

அடுத்தது விதைப்பு. தூதரம்மா புது நிலத்தில் இறங்கி ஒரு கைப்பிடி பார்லி தூவவேண்டும். கல்வரிசை வரை வந்தவர் அந்தப் பக்கத்து மண்ணைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார்.

"எல்லாம் பாதுகாப்புதானே?"

"நூத்துக்கு நூறு, அம்மா!"

"அப்ப நீங்க முன்னால போங்களேன்."

ரஃபத் ஒரு அடி பின்வாங்கினார். "இங்கிருந்தே தூவலாம் அம்மா. காத்து கொண்டுபோயிடும்."

காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. பார்லி முழுவதும் பந்தலுக்குள் வந்து விருந்தாளிகள் தலையில் விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

தூதரம்மா தன் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தார். "நிலத்துக்காரர் ஒரு வார்த்தை பேசமாட்டாரா?" என்று கேட்டும்விட்டார்.

மறுக்க வழியில்லை. மைக் முன் வரிசையில் கைமாறிக் கைமாறிப் போய், கடைசி நாற்காலியிலிருந்து கல்வரிசைக்கு மேலாக ஹாஜின் கைக்குச் சேர்ந்தது. "நன்றி மட்டும், ஹாஜ்! நன்றி மட்டும்!" என்று கும்பிடாத குறையாகக் கத்தினார் ரஃபத்.

"நன்றிதான் சொல்லப்போறேன், உஸ்தாத். என் நிலம் சுத்தமாயிடுச்சு. காலையில ஆட்டை விட்டு மேய்ச்சுட்டேன், நானும் குறுக்கும் நெடுக்கும் நடந்துட்டேன்" என்றார் ஹாஜ்.

கைதட்டல் பலமாக எழுந்தது. கெய்ரோ ரஃபத்தின் கண்ணுக்கே தெரிந்தது.

"யாரும் எந்திரிச்சுத் தட்டவேணாம். உக்காந்த இடத்துலயே தட்டுங்க. காலைக்கூட நகத்தாதீங்க. வெடி எடுத்த பசங்களுக்குப் போன் போட்டுட்டேன், வந்துக்கிட்டே இருக்காங்க."

ரஃபத் வலிந்து சிரித்தார். "அவங்க எதுக்கு ஹாஜ் இப்போ?"

"நீங்க எல்லாரும் உக்காந்திருக்கிற மண்ணுதானே உஸ்தாத், அடுத்த வருஷத் திட்டம்!"