பின் சில்லுப் பிரேக்

“இன்னும் எவ்வளவு நேரம் பாஸ்?” காரை கராஜில் விட்டுவிட்டு நாலாவது தடவையாகக் கேட்டார் பொன்னுத்துரை.

“பின் சில்லு ரெண்டுக்கும் ட்ரம்மே மாத்தணும் முதலாளி. அவசரப்பட்டா பிரேக் பிடிக்காது” என்றார் மெக்கானிக் கறுப்பையா.

“பிடிக்கிறது இருக்கட்டும். மொதல்ல அந்தக் கிறீச் சத்தம் போகணும்.”

கலகெதரவில் அவருக்கு மிளகு பக்கட் போடும் ஸ்டோர் இருந்தது. எப்போது போனாலும் பன்னிரண்டு பெண்களும் வேலை செய்யாமல் கைகட்டி நின்றார்கள். கார் வரும் சத்தம் கேட்டே இப்படியென்றால், கேட்காதபோது தூங்கத்தானே செய்வார்கள்? இன்று கையும் களவுமாகப் பிடித்து, எழுதி வைத்திருக்கும் வேலைநீக்கக் கடிதத்தை சுப்பவைசர் கமலத்திடம் நீட்டிவிட வேண்டியதுதான்.

கார் சத்தமில்லாமல் ஸ்டோர் வாசலில் நின்றது. பூனை போல உள்ளே போனார்.

பன்னிரண்டு பேரும் குனிந்த தலை நிமிராமல் பக்கட் போட்டுக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரம் நின்று பார்த்தார். ஒருத்தியின் கையும் ஓயவில்லை.

கமலம்தான் முதலில் கண்டாள். “ஐயோ, முதலாளி!”

அவ்வளவுதான். எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து கைகட்டி நின்றார்கள்.

“இப்ப எதுக்கு வேலைய நிப்பாட்டுனீங்க?”

“மன்னிச்சுக்கங்க முதலாளி. எப்பவும் பிரேக் சத்தம் கேட்டதுமே எழும்பிருவோம். இன்னைக்குக் கேக்கல.”

“யாரு எழும்பச் சொன்னது?”

கமலம் பயந்துகொண்டே அவருக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினாள். ஸ்டோர் திறந்த அன்று ஒட்டிய அறிவித்தல் மஞ்சளாகிக் கிடந்தது: ‘முதலாளி வந்து போகும்வரை அனைவரும் எழுந்து நிற்க வேண்டும்.’

அதன் கீழே இருந்த கையெழுத்துத்தான் அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்திலும் இருந்தது.