காலியாக விடக் கூடாத கட்டம்

"கீழ்த்தட்டுல, பின்பக்கமா, நடு சீட்டாப் பார்த்து உட்காருங்க சார். ஆட்டம் அங்கதான் கம்மி."

ஸ்பீக்கரில், எதிர்முனையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. ரிசீவர் வயர் பிய்ந்து ஆறு மாதமாகிறது. படகுத்துறை விசாரணை கவுண்டருக்கு யார் போன் செய்தாலும் ஊருக்கே கேட்கும். பக்கத்து நாற்காலியில் டிக்கெட் கிழிக்கும் அக்காவுக்கு அது ரொம்ப வசதி.

"இன்னிக்கும் அந்த ஆளா?" என்று அக்கா உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

விசாரணைப் பெண் தலையாட்டினாள். நாலு மாதமாக இதே கதைதான். புதன்கிழமைதோறும் மதியம் இரண்டரைக்கு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, இரண்டு தீவு தள்ளி இருக்கும் அந்தப் பெரியவர் கூப்பிடுவார். படகில் எப்படி வருவது என்று கேட்பார். எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். ஆனால் வரமாட்டார்.

"ஜன்னலோரம் வேண்டாமா மேடம்?"

"வேண்டாம் சார். அலையை உத்துப் பார்த்தா தலை சுத்தும். தூரத்துல வானமும் கடலும் தொடுற இடத்தையே பாருங்க. வெறும் வயித்தோட ஏறாதீங்க, வயிறு முட்டவும் சாப்பிடாதீங்க. வாந்தி மாத்திரையை அரை மணி நேரம் முன்னாடியே போட்டுடுங்க. காலைப் படகுதான் நல்லது, மதியத்துக்கு மேல காத்து ஏறிடும்."

"பெட்டி?"

"பெட்டியெல்லாம் முன்னாடி மலையாக் குவிச்சுடுவாங்க. கைப்பிடியில ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்க, தேட வேண்டாம். போனு, பேப்பரெல்லாம் பிளாஸ்டிக் பையில. உள்ள ஏசி குளிரும், போர்வையைக் கையிலயே வெச்சுக்குங்க. நடுத்தீவுல படகு மாறணும். முண்டியடிச்சு இறங்காதீங்க, கூட்டம் போகட்டும். படி செங்குத்தா இருக்கும். இடது காலை ஊன்றாம, கம்பியைப் பிடிச்சு மெதுவா இறங்குங்க."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "மத்தவங்க கேட்டா 'ஏழு மணிக்குப் படகு'ன்னு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா முடிச்சுடுவே. இவருக்கு மட்டும் மகாபாரதமா? அதென்னடி இடது கால்?"

"வயசானவங்கதானே அக்கா. ஏதோ ஒரு கால் வலிக்கத்தானே செய்யும்?"

அக்கா சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கண்ணால் காட்டினாள். அழைப்புகள் பதிவாகும். பயணிகளை சார், மேடம் என்றே அழைக்க வேண்டும். சொந்தப் பேச்சு கூடாது. போன வருடம் இதே நாற்காலியில் இருந்தவள் தங்கையோடு பத்து நிமிடம் பேசிவிட்டுச் சீட்டுக் கிழிந்து போனவள்தான்.

இவளுக்குச் சொந்தப் பேச்சு பேச ஆளேது? புருஷன் சரக்குக் கப்பலில். வருடத்தில் பத்து மாதம் கடலில். சாயங்காலம் மாடி அறைக்குப் போய், ஒரு தட்டையும் ஒரு தம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிடுவாள். புதன்கிழமை மட்டும் மதியச் சாப்பாட்டை இரண்டு மணிக்கே அவசரமாக முடித்துவிடுவதை அக்கா கவனித்திருக்கிறாள்.

"துணைக்கு யாரும் வர மாட்டாங்களா சார்?"

"யாரு இருக்கா மேடம்? வீட்டுல நானும் சுவத்துக் கடிகாரமும்தான். அதுவும் போன வாரத்துலேர்ந்து ஓடல." பெரியவர் சிரித்தார்.

இவள் சிரிக்கவில்லை. "பேட்டரியை மாத்துங்க சார்" என்றாள். பிறகு, "நாளைக்குக் காலைலதான் கடைசிப் படகு. அப்புறம் புயல் சீசன். மூணு மாசம் படகே கிடையாது. இந்தத் தடவையாவது வந்துடுங்க" என்றாள்.

"ஆசைதான். தண்ணியைக் கண்டாலே எனக்குப் பயம். அதைவிடப் பெரிய பயம், அங்க ஒருத்தரைப் பார்க்கணும். ஏழு வருஷம் முன்னாடி, இனிமே என் மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லிட்டேன். இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?"

"அடப் பாவமே!" என்றாள் அக்கா, வாய்விட்டே.

விசாரணைப் பெண் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள். "அதையெல்லாம் இன்னுமா நினைச்சுட்டு இருப்பாங்க சார்? நீங்க ஏறி மட்டும் வாங்க."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"நிஜமாத்தான் சார்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி, வந்துடறேன். பயணி ஃபாரம் எப்பவோ வாங்கி வெச்சாச்சு. கடைசிக் கட்டம்தான் காலி."

"இறங்குற தீவுல இருக்கிற சொந்தக்காரங்க பேரும் போன் நம்பரும் எழுதணும் சார். காலியா இருந்தா ஏத்த மாட்டாங்க."

"தெரியும் மேடம். நாலு மாசமா அந்தக் கட்டத்துலயேதான் நிக்கிறேன்."

"ஏதாவது ஒரு நம்பரைக் கிறுக்கச் சொல்லேன், யாரு பார்க்கப்போறா!" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

ஸ்பீக்கரில் மறுபடியும் பேனா ஓடியது. "பேரை எழுதிட்டேன். நான் வெச்ச பேருதானே, மறக்குமா? நம்பர்தான்... எங்கிட்ட இருக்கிற அவ நம்பர் ஒண்ணே ஒண்ணுதாம்மா. இப்ப நீ பேசிக்கிட்டிருக்கியே, இந்த நம்பர்."

அக்கா நாற்காலியோடு திரும்பிப் பார்த்தாள். விசாரணைப் பெண் சுவரிலிருந்த அறிவிப்பைப் பார்க்கவே இல்லை.

"அதையே எழுதுங்க, அப்பா" என்றாள்.