நடுவில் வந்த பந்து

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டின் எடைமேடைக் கூண்டில், மேஜைமேல் சாய்த்து வைத்த செல்போனில், பெண்கள் இரட்டையர் டென்னிஸ் அரையிறுதி ஓடிக்கொண்டிருக்கிறது. பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, நுங்கம்பாக்கத்தில் நவ்ரீன் ஆடுகிறாள். பக்கத்தில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரி. ஆறு வருடம் அந்த இடத்தில் நின்றவள் ஆன்சி. முழங்கால் போன பிறகு இந்த நாற்காலி. கரித்தூள் படிந்த கண்ணாடி வழியே மஞ்சளாக இறங்கும் மதிய வெயில் திரையில் பந்தை மறைக்கிறது. அவள் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். வெளியே ஒரு டிரெய்லர் உறுமியபடி மேடையேறி நிற்கிறது. "இன்னாமா, மேட்ச்சா?" என்று டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார். "என் தோஸ்து ஆடிகினு கீறாண்ணா. இந்தப் பாயின்ட்டு போனா அவ்ளோதான்." பிரிண்டர் கரகரவென்று எடைச்சீட்டைத் தள்ளுகிறது. எதிராளி அடித்த பந்து இருவருக்கும் நடுவே வருகிறது. அப்படி வரும் பந்துக்கு ஒருத்தி குரல் கொடுத்தாக வேண்டும். நவ்ரீன் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறாள். வெளிநாட்டுக்காரியும் அவளைத்தான் பார்க்கிறாள். "என்னுது" என்கிறாள் ஆன்சி, கூண்டுக்குள் எழுந்து நின்று. பந்து இருவரையும் தாண்டிப் போய்விடுகிறது. "உன்னுது இல்லமா, என்னுது" என்று டிரைவர் கையை நீட்டிச் சீட்டை உருவிக்கொள்கிறார்.