பத்து நிமிஷப் பனி

"வெர்னன்! கதவைத் திறடா, கோள்மூட்டி!"

ரெய்னோ கதவை இடித்த இடியில், கூரை விளிம்பில் இருந்த பனி பொலபொலவென்று அவர் தொப்பியிலேயே விழுந்தது.

கோபம் வராதா பின்னே? இன்று காலை அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் உறைந்த ஏரியில் மீன்பிடிப் போட்டி. பதினோரு வருஷமாகக் கோப்பை, பக்கத்து வீட்டு வெர்னனிடம்தான். அதற்குள் உடம்பைத் தேற்றிக்கொண்டு, இந்தத் தடவை அதைப் பிடுங்கியே தீருவது என்று ரெய்னோ சபதம் போட்டிருந்தார்.

பத்து நாள் முன்பு டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "லேசா ஒரு சத்தம் கேக்குதே. வேலை செஞ்சா மூச்சு வாங்குமா?"

"எனக்கா? எழுபத்திரண்டு வயசுல வாசல் பனி மொத்தமும் நானே தள்ளுறேன் டாக்டர். பத்தே நிமிஷம்!"

"அப்படின்னா பயமில்லை" என்று டாக்டர் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்தப் பெருமையை ரெய்னோ காபிக் கடையில் எல்லோரிடமும் அளந்தார். வெர்னனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் என்ன ஆச்சு? ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு படுத்திருந்தவரிடம் டாக்டர் வந்து நின்றார். "உங்க பக்கத்து வீட்டுக்காரர் ஃபோன் பண்ணார். நீங்க பனி தள்ளுற கதையை நம்ப வேண்டாமாம். எதுக்கும் இதயத்தை ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்."

எடுத்தார்கள். ஆபரேஷன் ரத்து.

கதவு திறந்தது. மேஜையில் ஏலக்காய் ரொட்டி. தன் மனைவி ஐலா சுட்டது! வாராவாரம் இவனுக்கு எதற்கு ரொட்டி என்று ரெய்னோவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"கோப்பை போயிடும்னு பயந்துதானே ஃபோன் பண்ணே?"

"ஸ்கேன்ல என்ன வந்துது? அதைச் சொல்லு முதல்ல."

ரெய்னோவின் குரல் இறங்கியது. "இதய வால்வு ரொம்பச் சுருங்கிப் போச்சாம். அப்படியே மயக்க மருந்து குடுத்திருந்தா, பிரஷர் இறங்கி ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போயிருக்கக்கூடுமாம். முதல்ல தொடை ரத்தக்குழாய் வழியா புது வால்வு வைக்கணும், குடல் அப்புறம்தானாம்."

"அப்பாடா! பொழைச்சே!" வெர்னனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அது வேற விஷயம்! நான் பொய் சொன்னேன்னு நீ எப்படிடா சொல்லலாம்? தினமும் இந்தக் கையாலதானே தள்ளுறேன்?"

"பத்து நிமிஷத்துல."

"ஆமா, பத்து நிமிஷத்துல! உன் வாசல்ல இடுப்பளவு கிடக்கு, என் வாசல்ல கணுக்கால் அளவுதான். ஏரிக்காத்து என் பக்கத்துப் பனியை எல்லாம் உன் பக்கம் அடிச்சுத் தள்ளுது. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

வெர்னன் நிதானமாக ஒரு துண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவி அவர் பக்கம் நகர்த்தினான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி தபால் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கினியே, ஜன்னல்ல இருந்து பார்த்தேன். நான் தள்ளித் தரேன்னு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"பனி தள்ளுற ஷவலாலேயே உன் மண்டையில போட்டிருப்பேன்!"

"தெரியும். அதான் ரெண்டு வருஷமா விடியறதுக்கு முன்னாடியே வந்து, உன் பனியை எல்லாம் என் பக்கம் அள்ளிப் போட்டேன். ஐலா வாராவாரம் ரொட்டி குடுக்கிறது அதுக்குத்தான். உன் கௌரவத்துக்குன்னு கணுக்கால் அளவு விட்டு வெச்சா, அதைக் காட்டியே டாக்டர்கிட்ட நீ பாஸாகிட்டு வருவேன்னு நான் கண்டேனாடா?"