புங்கங்கொத்து

கொத்து விழுந்ததை அவர் மட்டும்தான் பார்த்தார்.

டிரைவர் ஜன்னலோரம் செருகியிருந்த புங்கங்கொத்து. பள்ளத்தில் பஸ் குலுங்கியதும் நழுவிப் பாலத்தின் மேல் விழுந்தது.

பாலத்தில் பாதியைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். ஒற்றை வண்டிக்குத்தான் வழி. இக்கரையில் கடைசியாக விடுகிற வண்டியிடம் ஒரு கொத்தைக் கொடுப்பார்கள். அது அக்கரை சேர்ந்தால்தான் அங்கே காத்திருக்கும் வண்டிகளுக்கு வழி.

கடைசி வண்டி இந்த பஸ்தான்.

"நிறுத்துங்க" என்றார்.

கண்டக்டர் திரும்பினான். "தழை போனாப் போகுது, உக்காருங்க பெரியவரே. ஆடா வச்சிருக்கீங்க?"

பஸ்ஸே சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்குள் படியில் இறங்கி நின்றிருந்தார். டிரைவர் பிரேக் போடத்தான் வேண்டியிருந்தது.

இருபதடி பின்னால் நடந்தார். முழங்கால் முனகியது. குனிந்து எடுத்தார்.

எழுபத்தொன்றாம் வருஷப் போரில், டிசம்பர் மாதத்தில், இப்படித்தான் ஒரு பாலம். ஆற்றின் மேல் மிதவைகளைக் கோத்துப் போட்டது. அதன் ஒரு முனையில் ராணுவப் போலீஸின் சிவப்புக் கைப்பட்டையோடு நின்றார். அப்போது வயது இருபத்திரண்டு.

எதிர்க்கரையிலிருந்து லாரிகள் வந்துகொண்டிருந்தன. கடைசி லாரியில் பச்சைக்கொடி இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் இந்தப் பக்கத்து வண்டிகளை விட வேண்டும்.

முப்பத்தொரு லாரிகள் வந்தன. பிறகு வெறும் பனி.

கொடி வரவில்லை.

அவர் பக்கத்தில் முதலில் நின்றது ஆம்புலன்ஸ். உள்ளே யாரோ அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். டிரைவர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினான். மறித்து நீட்டிய வெள்ளைக் கையுறைக் கையை அவர் இறக்கவில்லை.

பதினொரு நிமிடம்.

பனிக்குள்ளிருந்து வந்தது முப்பத்திரண்டாவது லாரி. நடு ஆற்றில் இன்ஜின் நின்றுபோய், மறுபடி கிளம்பியிருந்தது. முகப்பில் பச்சைக்கொடி. ஆம்புலன்ஸை விட்டிருந்தால் இரண்டும் பாலத்தில் முட்டியிருக்கும்.

செய்தது சரிதான். அது அவருக்குத் தெரியும். அதை யாரும் சொன்னதில்லை.

உள்ளே இருந்தவன் பிழைத்தானா என்பதும் தெரியாது.

அவர் மறுபடி ஏறிக்கொள்ள, பஸ் அக்கரை சேர்ந்தது. கொத்தோடு அவரே முதலில் இறங்கினார்.

சிவப்புத் துணி கட்டிய குச்சியோடு ஒரு பெண் வழியை மறித்து நின்றாள். தலையில் துண்டு, சட்டையெல்லாம் சிமென்ட். அவளுக்கு எதிரே ஆம்புலன்ஸ். அதன் டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டிருந்தான்.

"அதான் பஸ் வந்துடுச்சே, விடும்மா."

"பின்னாடி இன்னொண்ணு வந்தா? கொத்து வரணும்ண்ணே."

குச்சி இறங்கவில்லை.

அவர் கொத்தை நீட்டினார். பறிப்பதுபோல வாங்கிக்கொண்டு குச்சியை இறக்கினாள்.

"நீ சரியா நின்னேம்மா" என்றார் அவர்.

அவள் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸ் உறுமிக் கிளம்பியது.

"வழியில நிக்காதீங்க பெரியவரே, அந்தாண்ட போங்க" என்றாள்.

நிமிர்ந்து, அவள் காட்டிய இடத்துக்குப் போய் நின்றார்.

ஆம்புலன்ஸ் பாலத்தைத் தாண்டும்வரை பஸ்ஸில் ஏறவில்லை.