பாட்டில் ஓர் இடைவெளி

“கதவச் சாத்து. சம்பந்தி செங்கல்வராயன் இருக்காரு, என் தம்பி சம்பத் இருக்கான், என் சம்சாரம் சாவித்திரி இருக்கா, பாட்டுப் போட்ட ஜெகனும் இருக்கான். எல்லார் முன்னாடியும் கேட்டுடலாம்.”

சொல்லிவிட்டு, மணப்பெண்ணின் பெரியப்பா கோவிந்தராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அயனம்பாக்கம் மண்டபத்தில் வரவேற்பு பாதியில் நின்றுபோயிருந்தது. சற்றுமுன் பாட்டுக்கு நடுவே, ராகம் பிசகாமல், ஸ்பீக்கரில் ஒரு கெட்ட வார்த்தை கணீரென்று கேட்டது. பந்தியில் இருந்தவர்கள்கூட இலையிலிருந்து தலை தூக்கினார்கள்.

மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆசைப்பட்டுக் கேட்ட பாட்டு. அசிங்கமாக ஒரு சொல் கேட்டாலும் தன் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள், காலையில் முகூர்த்தம் இருக்காது என்று செங்கல்வராயன் முன்பே சொல்லியிருந்தார்.

அதனால் கோவிந்தராஜ் பொறுப்பை யாரிடமும் விடவில்லை. ஒரே பெயரில், ஒரே படத்தோடு அந்தப் பாட்டு இரண்டு விதமாக இருந்தது. ஒன்றில் வார்த்தை உண்டு. மற்றதில் அந்த இடத்தில் மட்டும் குரலை வெட்டியிருப்பார்கள். கெட்டதன் பக்கத்தில் ‘ஈ’ என்று ஓர் இங்கிலீஷ் எழுத்து இருக்கும் என்றான் ஜெகன். கோவிந்தராஜ் எழுத்தை நம்பவில்லை. வாரம் முழுக்க இயர்போனில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் தரம் பிரித்தார். சாப்பிடும்போதுகூடக் காதிலிருந்து அதைக் கழற்றவில்லை என்பது சாவித்திரியின் குறை.

வந்தவர்களை வரவேற்கும் மைக்கையும் அவர் யாருக்கும் தரவில்லை. இப்போதும் அது அவர் கையில்தான் இருந்தது.

“கெட்டத அன்னிக்கே தூக்கிட்டேன் அண்ணாத்தே,” என்றான் ஜெகன். “லேப்டாப்புல அது இல்லவே இல்ல.”

“அப்போ ஸ்பீக்கருக்குத் தானா வாய் மொளச்சுதா? எங்க குடும்பத்துல ஒருத்தன் வாயிலயும் அந்த வார்த்த வந்ததில்லடா.”

செங்கல்வராயன் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். வண்டியை எடுக்கச் சொல்லவா என்று சம்பத்தைக் கேட்டார். பெண்ணைப் பெற்ற சம்பத் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாவித்திரிதான் குறுக்கே வந்தாள். “கோவத்த அப்புறம் பாத்துக்கலாம்ணா. அந்தப் பாட்ட இன்னொரு தபா போடச் சொல்லி, நீங்களே காதால கேளுங்க.”

ஜெகன் போட்டான். அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். கோவிந்தராஜின் கால் தன்னையறியாமல் தாளம் போட்டது. அந்த இடம் வந்தது. லேப்டாப்பில் குரல் ஊமையானது.

வார்த்தை மட்டும், மண்டபம் முழுக்கக் கணீரென்று கேட்டது.

செங்கல்வராயன் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். காலையில் முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது.

அந்தக் கல்யாணத்தில் ஆபாசப் பாட்டுப் போட்டார்கள் என்று மாங்காடு வரை பேசிக்கொள்கிறார்கள். அது பொய். பாட்டு சுத்தம், வார்த்தையைச் சொன்னது கோவிந்தராஜ்.